பெடல் பாக்ஸ், ட்யூனிங் பாக்ஸ், ரீமேப்: மூணையும் போட்டுப் பார்த்துட்டு வாரண்டியில மாட்டினவனோட ரிவ்யூ

வண்டி எடுத்து எட்டாவது மாசம் இந்த பவர் ஏத்துற அரிப்பு ஆரம்பிச்சுது. ரெண்டு லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர், கம்பெனி கணக்குல 150 குதிரை, டார்க், அதாவது முறுக்கு விசை, 340 என்எம். ஓட்ட நல்லாத்தான் இருந்துச்சு, குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா இதே இன்ஜினை இன்னொரு மாடல்ல முப்பது குதிரை கூட வச்சு விக்கிறாங்கன்னு என்னிக்குத் தெரிஞ்சுதோ அன்னிக்கே தூக்கம் போச்சு. அப்போ என் வண்டிக்குள்ளயும் அந்த முப்பது குதிரை கட்டிப்போட்டுத்தானே கிடக்கு, கயித்தை அவுத்து விட்டா போதுமேன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடுச்சு.

அந்தக் கணக்கு முழுசா சரியில்லைன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. கூடப் பவர் இருக்கிற மாடல்ல டர்போ, இன்டர்கூலர், கிளட்ச், சில சமயம் பிஸ்டன் கூட வேற பார்ட் நம்பரா இருக்கும். வெறும் சாஃப்ட்வேர்ல மட்டும் வித்தியாசம் வச்சு விக்கிறதும் உண்டு, ஆனா உங்க இன்ஜின் அதுல எந்த ரகம்னு பார்ட் நம்பரைப் போட்டுத் தேடிப் பார்க்காம கையை வைக்காதீங்க. நான் பார்க்கல.

டர்போ இல்லாத சாதா பெட்ரோல் இன்ஜின் வச்சிருக்கவங்க இந்த ரிவ்யூவை இங்கேயே நிறுத்திட்டுக் கிளம்பலாம். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். காத்தை அழுத்தி உள்ள தள்ள டர்போ இல்லைன்னா கூட எரிபொருள் ஊத்தி என்ன பிரயோஜனம், இக்னிஷன் டைமிங்கை அங்க இங்க நகர்த்தினா அஞ்சு பர்சென்ட் கிடைச்சாலே பெரிசு. டர்போ வண்டில அதே வேலைக்கு இருபது, இருபத்தஞ்சு பர்சென்ட் கிடைக்கும், டார்க்கும் கூடவே ஏறும்.

முதல்ல பெடல் பாக்ஸ். ஆக்சிலரேட்டர் பெடல்ல இருந்து இசியூவுக்கு, அதான் இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டருக்கு, போற ஒயருக்கு நடுவுல செருகுற சின்ன டப்பா. நீங்க முப்பது பர்சென்ட் மிதிச்சா அம்பதுன்னு போய்ச் சொல்லும், அவ்ளோதான் அதோட வேலை. முழுசா மிதிச்சா நூறுக்கு மேல சொல்ல முடியாதே, அதனால குதிரை ஒண்ணுகூட ஏறாது, ஆனா வண்டி துள்ளும், முதல் ரெண்டு நாள் ஏமாந்து போய் எல்லாருக்கும் ஃபோன் பண்ணிச் சொன்னேன். மூணாவது நாள் ட்ராஃபிக்ல முன் வண்டி டிக்கியை முத்தம் கொடுக்கப் பார்த்தப்போ ஈகோ மோடுக்கு மாத்தினேன், அதுக்கப்புறம் அந்த டப்பா எதுக்கு. கழட்ட அஞ்சு நிமிஷம், இசியூவுல கையே வைக்கிறது இல்ல, வாரண்டி பார்வையில மூணுல சாதுவான பொருள் இதுதான், பிரயோஜனம் கம்மியானதும் இதுதான்.

ரெண்டாவது ட்யூனிங் பாக்ஸ். இதைப் பத்திதான் நிறைய தப்பான தகவல் சுத்துது. காமன் ரெயில் டீசல்ல பம்ப்ல இருந்து வர்ற டீசல் ஒரு பொது ரெயில்ல பயங்கர அழுத்தத்துல நிக்கும், அந்த அழுத்தத்தை ஒரு சென்சார் இசியூவுக்குச் சொல்லிட்டே இருக்கும். பாக்ஸ் அந்த சென்சார் ப்ளக்குக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு அழுத்தத்தைக் குறைச்சுச் சொல்லும். இசியூ அடடா கம்மியா இருக்கேன்னு நினைச்சு பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும், இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறந்திருக்கும் ஆனா கூட டீசல் உள்ள போகும், பவர் ஏறும். சில பாக்ஸ் டர்போ தள்ற காத்தோட அழுத்தத்தை, அதான் பூஸ்ட், அளக்கிற சென்சாரையும் இதே மாதிரி ஏமாத்தும். வேலை செய்யுதா, செய்யுது. மூணாவது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல மிதிச்சா முதுகுல கை வச்சுத் தள்ற மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா இதுல ஒரு வேடிக்கை. பாக்ஸ் போட்டதுக்கு அப்புறம் டேஷ்போர்டுல மைலேஜ் ஒண்ணரை கிலோமீட்டர் ஏறிச்சு. பவரும் கூட மைலேஜும் கூடன்னு நானும் எல்லாரையும் போல ஆடினேன். அப்புறம் சந்தேகம் வந்து டேங்க் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணி ஓட்டி மறுபடி அதே பங்க்ல அதே பம்ப்ல ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டா, முன்னாடி இருந்ததை விட அரை கிலோமீட்டர் கம்மி. காரணம் சிம்பிள். டேஷ்போர்டுல காட்டுற மைலேஜ் இசியூ கணக்குப் போட்ட டீசல் அளவை வச்சு வர்றது, அந்த இசியூகிட்டதான் நாம அழுத்தம் கம்மின்னு பொய் சொல்லி வச்சிருக்கோமே, அது நிஜத்துல போற டீசலை விடக் கம்மியாத்தான் எண்ணும். பாக்ஸ் போட்டதும் மைலேஜ் எகிறிடுச்சுன்னு எவனாவது டேஷ்போர்டு ஃபோட்டோ போட்டா நம்பாதீங்க, பங்க் பில்லைக் கேளுங்க.

வாரண்டி விஷயத்துல பாக்ஸ் விக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஒரே வசனம், சர்வீசுக்கு முன்னாடி கழட்டிடுங்க, தடயமே இருக்காது. இசியூ ஃபைல் மாறாததால சாஃப்ட்வேரை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுங்கிறது உண்மைதான். ஆனா எனக்கு ஒரு குளிர்காலக் காலையில ஸ்டார்ட் பண்ணதும் செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, ரெயில் பிரஷர் எல்லையைத் தாண்டிடுச்சுன்னு கோடு. அந்தக் கோடு விழுற நொடியில ஆர்பிஎம், லோடு, டெம்பரேச்சர் எல்லாத்தையும் இசியூ ஒரு ஃபோட்டோ மாதிரி பிடிச்சு வச்சுக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. அதைப் படிக்கத் தெரிஞ்ச டெக்னீஷியனுக்கு சந்தேகம் வர அது போதும். அது போக, ப்ளக்கை அடிக்கடி கழட்டி மாட்டினா அந்த பிளாஸ்டிக் லாக் வெளுத்துப்போய் கீறல் விழும், கேபிள் டை கட்டின இடத்துல மட்டும் தூசி படியாம பளிச்சுன்னு கோடு தெரியும். என் இன்ஜின் பேயைத் திறந்து நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பாக்ஸ் இருந்த இடம் சுவத்துல காலண்டர் கழட்டின மாதிரி இருந்துச்சு.

கண்டுபிடிக்க மாட்டாங்கங்கிறதும் வாரண்டி செல்லும்ங்கிறதும் வேற வேற. விக்கிறவங்க முதலாவதைச் சொல்லிட்டு ரெண்டாவது மாதிரி நம்ப வைக்கிறாங்க. சில பாக்ஸ் கம்பெனிங்க அவங்களே இன்ஜினுக்குத் தனியா வாரண்டி தர்றாங்க, அதுல எத்தனை கிலோமீட்டர் வரைக்கும், எவ்ளோ தொகை வரைக்கும், எந்தெந்த பார்ட்டுக்குன்னு சின்ன எழுத்துல இருக்கிறதைப் படிக்காம வாங்காதீங்க.

சரி, மூணாவது. ரீமேப், அதாவது இசியூவுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரையே மாத்தி எழுதுறது. இதைப் போட்டதுக்கு நான் வருத்தப்படல, போட்ட நேரத்துக்குத்தான் வருத்தம்.

ட்யூனர் வந்தார், வயசுல சின்னவர்தான் ஆனா வேலையில கெட்டி. லேப்டாப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி பேட்டரிக்கு ஒரு சப்போர்ட் சார்ஜர் மாட்டினார், எழுதிட்டு இருக்கும்போது வோல்டேஜ் இறங்கினா இசியூ பாதியில செத்துடும்ணே, அப்புறம் வண்டி செங்கல்தான்னு சொன்னார். அப்புறம் ஃபால்ட் கோடு ஏதாவது இருக்கான்னு பார்த்தார், ஸ்டாக்ல, அதாவது கம்பெனி கொடுத்தபடியே, ஒரு ரவுண்டு ஓட்டி எல்லாத்தையும் லேப்டாப்ல பதிவு பண்ணினார், பூஸ்ட் எவ்ளோ கேக்குது எவ்ளோ வருது, ரெயில் பிரஷர், புகை. ஓபிடி ப்ளக் (சர்வீஸ்ல டெஸ்ட் மெஷின் மாட்டுற இடம்) வழியா ஒரிஜினல் ஃபைலை இறக்கி அதுல ஒரு காப்பியை என் பென் டிரைவ்லயும் போட்டுக் கொடுத்தார். இது ரொம்ப முக்கியம், ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்காத ட்யூனர்கிட்ட வண்டியை விடாதீங்க.

ஸ்க்ரீன்ல பார்த்தா வெறும் எண்களா ஒரு கட்டம், இந்தப் பக்கம் ஆர்பிஎம், அந்தப் பக்கம் லோடு, நடுவுல எவ்ளோ பூஸ்ட், எவ்ளோ டீசல். இந்தக் கட்டங்களுக்குத்தான் மேப்னு பேரு. இதுல பூஸ்ட் மேப்பை மட்டும் ஏத்தினா ஒண்ணும் நடக்காது, டார்க் லிமிட்டர்னு ஒரு மேப் தனியா இருக்கு, அது வாட்ச்மேன் மாதிரி, 340க்கு மேல போகாதேன்னு நிறுத்திடும். ஸ்மோக் லிமிட்டர்னு இன்னொண்ணு, இவ்ளோ காத்துக்கு இவ்ளோ டீசல்தான்னு தடுக்கும். எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா நகர்த்தணும், கடைசியில ஃபைல் சரியா இருக்கான்னு இசியூ பார்க்குற செக்சம் எண்ணையும் சரி பண்ணி மறுபடி எழுதணும். பாக்ஸ் மாதிரி பொய் சொல்றது இல்ல, இசியூவுக்கே உண்மை தெரியும், அதனால டேஷ்போர்டு மைலேஜும் சரியாக் காட்டுது, பாதுகாப்பு எல்லைகளும் வேலை செய்யுது. புது வண்டிகள்ல ஓபிடி வழியா எழுத விடாமப் பூட்டி வச்சிருப்பாங்க, அப்போ இசியூவையே கழட்டி மேஜை மேல வச்சுத்தான் பண்ணணும், சிலதுல மூடியையும் திறக்கணும். மூடி திறந்த இசியூ சீல் உடைஞ்ச பாட்டில் மாதிரி, பார்த்ததுமே தெரிஞ்சுடும்.

வெறும் சாஃப்ட்வேர் மட்டும்னா ஸ்டேஜ் 1, எக்சாஸ்ட் டவுன்பைப், இன்டர்கூலர் எல்லாம் மாத்தினா ஸ்டேஜ் 2, டர்போவையே மாத்தினா ஸ்டேஜ் 3ன்னு சொல்றது வழக்கம், ஆனா இது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி இல்ல, ஒவ்வொரு ட்யூனருக்கும் ஒவ்வொரு கணக்கு. நான் போட்டது ஸ்டேஜ் 1. பவரை அளக்கிற மெஷின்ல, டைனோன்னு பேரு, 184 குதிரை, 405 என்எம் வந்துச்சு. வண்டி மாறிப்போச்சு. நாலாவது கியர்லயே ஓவர்டேக் முடிஞ்சுடும், இறக்கி ஏத்துற வேலையே இல்ல. நிதானமா ஓட்டினா மைலேஜும் கொஞ்சம் கூடத்தான், ஆனா அந்த டார்க் கையில இருக்கும்போது எவன் நிதானமா ஓட்டுறான்.

ஒரு குறை, அஞ்சாவது கியர்ல 1,800ல திடீர்னு மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு ஏறும், ஸ்பீடு ஏறாது. கிளட்ச் வழுக்குது. கம்பெனி 340க்குப் போட்ட கிளட்ச் 405ஐ எப்படித் தாங்கும், தப்பு அது மேல இல்ல. ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்களும் இதைக் கவனிக்கணும். ஃபோக்ஸ்வேகன் குரூப்போட ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி, டிக்யூ 200ன்னு சொல்வாங்க, அதோட கணக்கே 250 என்எம்தான். அது கூட வர்ற 1.5 டிஎஸ்ஐ இன்ஜின் ஸ்டாக்லயே 250 கொடுக்குது. அதாவது கம்பெனியே கோட்டு மேல நிக்கிறான், அதுக்கு மேல 60, 70 என்எம் ஏத்திட்டு கியர்பாக்ஸ் போச்சுன்னு யார்கிட்டப் போய் அழுறது. ஆறு கியர் வெட் கிளட்ச் டிக்யூ 250ன்னா 350 வரைக்கும் தாங்கும்னு கணக்கு, அங்க கொஞ்சம் மூச்சு விடலாம். இன்ஜின் எவ்ளோ தாங்கும்னு மட்டும் கேக்காம கியர்பாக்ஸ் எவ்ளோ தாங்கும்னு கேளுங்க.

இப்போ வாரண்டி கதை. ரீமேப் போட்டுப் பத்து மாசம் கழிச்சு ஒரு ஏத்தத்துல போயிட்டு இருக்கும்போது லைட் எரிஞ்சு வண்டி லிம்ப் மோடுக்குப் போயிடுச்சு, அதாவது இசியூவே பவரைக் குறைச்சு நொண்ட வச்சிடுச்சு. டர்போவோட பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கிற ஆக்சுவேட்டர் மாட்டிக்கிச்சு. ரீமேப் இல்லாத வண்டிலயும் கரி படிஞ்சு மாட்டிக்கிற பார்ட்தான் அது. மூணு வருஷ வாரண்டில இன்னும் ஒரு வருஷம் பாக்கி. நான் பண்ண புத்திசாலித்தனம் என்னன்னா, முந்தின நாள் ராத்திரி ட்யூனரைக் கூப்பிட்டு ஒரிஜினல் ஃபைலை மறுபடி எழுத வச்சுட்டு, காலையில ஒண்ணுமே தெரியாத மூஞ்சியோட சர்வீஸ் சென்டர்ல கொண்டுபோய் விட்டேன்.

மத்தியானம் அட்வைசர் கூப்பிட்டார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அதுல ஃபைல் நம்பர் சரியாத்தான் இருந்துச்சு, கீழ ரெண்டு வரி. எத்தனை தடவை எழுதப்பட்டிருக்கு, 2. கடைசியா எழுதின தேதி, நேத்து. அவர் குரலை உயர்த்தக்கூட இல்ல, "சார், நாங்க இந்த வண்டிக்கு ஒரு தடவைகூட சாஃப்ட்வேர் போடல. நேத்து ராத்திரி யார் சார் போட்டது?"ன்னு கேட்டார். பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா. ஒரு வாய் தண்ணி குடிச்சேன், வேற என்ன பண்றது.

டர்போ கிளெய்ம் ரிஜெக்ட். ஆனா அதே விசிட்ல பின் கதவு ஜன்னல் மோட்டார் வேலை செய்யலைன்னு சொல்லியிருந்தேன், அதை வாரண்டிலயே மாத்திக் கொடுத்தாங்க. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா ட்யூன் பண்ணா மொத்த வாரண்டியும் காலின்னு ஒரு கூட்டமும், ஒண்ணுமே ஆகாதுன்னு இன்னொரு கூட்டமும் சொல்லிட்டுத் திரியுது. ரெண்டும் தப்பு. பொதுவா போறது இன்ஜின், டர்போ, கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட் இந்தப் பக்கம்தான், ஏசிக்கும் ஜன்னலுக்கும் ரீமேப்புக்கும் என்ன சம்பந்தம்.

நான் மாட்டினது எழுதின எண்ணிக்கையால. வேற வழிகளும் இருக்கு. இசியூல இருக்கிற மேப் எண்களை வச்சு சிவிஎன்னு ஒரு சரிபார்ப்பு எண் கணக்காகும், ஏதாவது ஒரு மேப்ல ஒரே ஒரு எண்ணை மாத்தினாலும் அது மாறிடும், கம்பெனி லிஸ்ட்ல இருக்கிறதோட பொருந்தலைன்னா முடிஞ்சுது. ஃபோக்ஸ்வேகன், ஆடில டிடி1ன்னு ஒரு கோடு ரொம்பப் பிரபலம், டீலர் மெஷின்ல வண்டியை இணைச்சு சாஃப்ட்வேர் பொருந்தலைன்னு தெரிஞ்சா அந்த வண்டியோட சேஸி நம்பர் மேல கம்பெனி சிஸ்டத்துலயே கொடி ஏறிடும், அப்புறம் வேற ஊர் டீலர்கிட்டப் போனாலும் அந்தக் கொடி கூடவே வரும், ஸ்டாக் ஃபைல் போட்டாலும் இறங்காது. நீங்க ஒண்ணும் கிளெய்ம் பண்ணப் போகலைன்னாலும், சாதாரண ஆயில் சர்வீசுக்கு விட்ட இடத்துல அப்டேட் பார்க்குறேன்னு இணைச்சாலே விழலாம். இன்னொரு கூத்து, அந்த அப்டேட்டைப் போட்டுட்டாங்கன்னா உங்க ட்யூன் அழிஞ்சு வண்டி பழைய மாதிரி ஆயிடும். சர்வீஸ்ல விடும்போது கேக்காம சாஃப்ட்வேர் அப்டேட் போடாதீங்கன்னு ஜாப் கார்டுல எழுத வைக்கிறவங்க உண்டு, ஆனா அந்த வரியே ஒரு வாக்குமூலம் மாதிரிதான்.

சட்டம்னு ஒண்ணு இருக்கேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல 1975ல வந்த மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டத்தை எல்லாரும் தூக்கிக் காட்டுவாங்க. வெளி பார்ட் போட்டிருக்கேங்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக் கூடாது, அதனாலதான் கோளாறுன்னு கம்பெனி காட்டணும்ங்கிறது அதோட சாரம். நல்ல சட்டம்தான், ஆனா வெளி ஆயில் ஃபில்டருக்கும் டர்போவை நேரா அதிகமா அழுத்தச் சொல்ற ஃபைலுக்கும் வித்தியாசம் இருக்கு. ரீமேப் போட்ட வண்டில டர்போ போனா அதனாலதான்னு சொல்ல கம்பெனிக்குப் பெரிய கஷ்டம் இல்ல. அது போக, நடைமுறையில முதல்ல அவன் மாட்டேன்னு சொல்லிடுவான், வண்டி லிஃப்ட்ல தொங்கிட்டு இருக்கும், கேஸ் போட்டு ஜெயிக்கிற வரைக்கும் நீங்க பஸ்லதான். மத்த நாட்டுக்காரங்க இந்த சட்டத்தைக் காட்டி டீலர்கிட்ட வாதாடிப் பிரயோஜனமே இல்ல, அவங்கவங்க ஊர் நுகர்வோர் சட்டம் என்ன சொல்லுதோ அதுதான்.

டீசல்காரங்களுக்கு இன்னொண்ணு, ரீமேப்போட சேர்த்து டிபிஎஃப் (புகையில கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) எடுத்துடலாம், இஜிஆர் (புகையில ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள்ள அனுப்புற வால்வ்) அடைச்சுடலாம்னு ஆஃபர் மாதிரி சொல்லுவாங்க. வேண்டாம். அது வாரண்டி பிரச்சினையே இல்ல, நேரா சட்டப் பிரச்சினை, அமெரிக்காவுல கிளீன் ஏர் ஆக்ட்படி குத்தம், ஐரோப்பாவுலயும் அந்த வண்டியை ரோட்டுல ஓட்டக் கூடாது. சாஃப்ட்வேருக்குள்ள எமிஷன் டெஸ்டை, அதான் புகைப் பரிசோதனையை, ஏமாத்துற வேலையை ஒளிச்சு வச்சா என்ன ஆகும்னு 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகனே மாட்டி உலகத்துக்குக் காட்டிடுச்சு, 1 கோடியே 10 லட்சம் வண்டி.

அப்போ வாரண்டியும் வேணும் பவரும் வேணும்னா வழியே இல்லையான்னா, இருக்கு, ஆனா எல்லா வண்டிக்கும் இல்ல. வோல்வோவுக்கு போல்ஸ்டார் ட்யூன் டீலர்கிட்டயே போட்டுக் கொடுத்தாங்க, கம்பெனி வாரண்டி அப்படியே நிக்கும். இங்கிலாந்துல ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டிக்கு மவுன்ட்யூன் எம்பி215ன்னு ஒரு கிட் இருந்துச்சு, 182ல இருந்து 215 குதிரை, ஃபோர்டு வாரண்டியோட. பிஎம்டபிள்யூக்கு டைனன்னு ஒரு ட்யூனிங் கம்பெனி, அவங்க பொருளுக்கு அவங்களே கம்பெனி வாரண்டிக்கு ஈடா வாரண்டி கொடுத்தாங்க. இதுல எல்லாம் கவனிச்சீங்கன்னா ஏத்துற அளவு அடக்கமாத்தான் இருக்கும், ஸ்டேஜ் 1 விளம்பரத்துல வர்ற நம்பரை விடக் கம்மி. தெருவுல நாப்பது குதிரை ஏத்துறேன்னு சொல்றப்போ இவன் இருபத்தஞ்சுதான் தர்றானேன்னு சலிச்சுக்காதீங்க, டர்போ போனா பணம் கொடுக்கப் போறவன் எவ்ளோ ஏத்துறானோ அதுதான் நிஜமான பாதுகாப்பான நம்பர்.

என் தீர்ப்புன்னு கேட்டா, பெடல் பாக்ஸ் அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் ஈகோ மோடுக்காக. ட்யூனிங் பாக்ஸ் ரெண்டரை, ஓட்டும்போது சிரிப்பு வரும், ஆனா அந்தக் காலை நேர லைட்டும் பொய் மைலேஜும் எனக்கு ஒத்துவரல. ரீமேப் நாலரை, அந்த அரை மார்க் கிளட்சுக்குப் போச்சு. வாரண்டி இருக்கிற வண்டிக்குன்னா அதே ரீமேப்புக்கு அஞ்சுக்கு ஒரு மார்க்தான், கம்பெனியே தர்ற ட்யூன் உங்க மாடலுக்கு இருந்தா கண்ணை மூடிட்டு அதுக்குப் போங்க, இல்லைன்னா வாரண்டி தேதியை ஃபோன்ல ரிமைண்டர் போட்டு வச்சுக் காத்திருங்க. இன்னும் ஒண்ணு, இன்சூரன்ஸ்காரனுக்கும் சொல்லிடுங்க, நான் இப்போ சொல்லிட்டேன், ப்ரீமியம் கொஞ்சம் ஏறிச்சு, ஏறட்டும்.

ஆக்சுவேட்டரைக் கைக்காசு போட்டு வெளியில மாத்தினேன். எப்படியும் என் வண்டி மேல குறி விழுந்தாச்சுன்னு மறுபடி அதே ட்யூனரைக் கூப்பிட்டேன், இந்த தடவை 370 என்எம்லயே நிறுத்தச் சொன்னேன், கிளட்ச் வழுக்கல. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், "இன்னும் இருக்குண்ணே உள்ள"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பெடல் பாக்ஸை என் தம்பி வண்டில மாட்டி விட்டுட்டேன். அவனோடது டர்போ இல்லாத சின்ன பெட்ரோல், இருபது குதிரை ஏறிடுச்சுன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சத்தியம் பண்ணிட்டு இருக்கான்.